துளசிமணி குடியிருக்கும் கட்டடம்

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்கிறீர்கள், சொல்கிறேன், ஆனால் எது முதலில் நடந்தது, எது அதனால் நடந்தது என்று குறுக்கே கேட்காதீர்கள், அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கட்டடங்களின் நடுக்கத்தை அளந்து வயிறு வளர்க்கிறவன் நான், பெயர் அருணகிரி, ஆனால் திருப்பூரில் மீட்டர்க்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எந்த மெஷின் எந்தச் சுவரை ஆட்டுகிறது என்று கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது, கீழே பனியன் மெஷின் ஓடும், மேலே ஆள் குடியிருக்கும், நடுவில் இருப்பது நாலரை அங்குலத் தளம்.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காற்றில் வருகிற சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திவிடலாம், சுவரில் வருகிற சத்தத்துக்குச் சாத்த ஒன்றுமில்லை, அது தூணில் ஏறி, பீமில் நடந்து, நீங்கள் தலை வைத்திருக்கும் தலையணைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறந்த இடத்தில் வாயே திறக்காது, இரண்டு மாடி தள்ளி யார் வீட்டுத் தட்டு அலமாரியிலோ போய்ப் பேசும். அதனால் இந்தத் தொழிலில் காதை நம்பக் கூடாது. விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும், தேன்மெழுகை உருட்டி அதைச் சுவரில் ஒட்ட வேண்டும், ஒயர் மீட்டருக்கு வரும், மீட்டர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நொய்யல் பாலம் தாண்டி நாச்சிமுத்து என்பவருக்கு ஒரு மூன்று மாடிக் கட்டடம். வைகாசி மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார். கீழே நிட்டிங் மெஷின் ஆறு, முதல் மாடியில் ஒரு சின்னத் தையல் யூனிட், அதற்கு மேல் இரண்டு மாடியிலும் வாடகை வீடுகள்.

"ஏனுங்க சார், கட்டடம் நடுங்குதுங்க. எந்த மெஷினுன்னு மட்டும் எழுத்துல குடுங்க. அந்த மெஷினையும் தூக்கிருவேன், மெஷின் வெச்சிருக்கறவங்களையும் காலி பண்ணச் சொல்லிருவேன். கடன் வாங்கிக் கட்டுன கட்டடமுங்க இது."

புகார் சொன்னது இரண்டாம் மாடியில் இருக்கும் மெகருன்னிசா, ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. அவள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தட்டு அலமாரியைக் காட்டினாள். தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிர்ரென்று பேசிக்கொண்டிருந்தன.

"காலைல எட்டரைக்குப் பிடிச்சா இப்படியேதாண்ணே. பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் நிக்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் நிக்கும். சாயங்காலம் நாலரைக்கு மறுபடி பத்து நிமிஷம். ராத்திரி எட்டுக்கு மேல ஒண்ணுமில்ல. புள்ள தூங்கறதும் முழிக்கறதும் என் கையில இல்ல."

இது சொல்லாமலே தெரிகிற விஷயம், ஏதோ ஒரு கம்பெனி ஷிப்ட்டுக்கு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, சுவரில் சென்சாரை ஒட்டி, ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். நிட்டிங் மெஷினை நிறுத்தினார்கள், நடுக்கம் நிற்கவில்லை. தையல் யூனிட்டை நிறுத்தினார்கள், நடுக்கம் நிற்கவில்லை. போர் மோட்டாரை நிறுத்தினார்கள், வீடுவீடாகப் போய் பிரிட்ஜை, கிரைண்டரை, மிக்ஸியை, பேனை நிறுத்தினார்கள், நிற்கவில்லை, கடைசியில் மெகருன்னிசா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூட நானே கோபத்தில் கழற்றினேன், அதற்கும் நிற்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நாச்சிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு எரிச்சல்.

மாதாந்திர மின்தடை நாள் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்த வட்டாரத்துக்கே கரண்ட் இருக்காது, என் மாதிரி ஆட்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, எனக்குப் பேட்டரி மீட்டர் போதும். அன்றைக்குப் போனேன். தெருவே ஊமையாகக் கிடந்தது, காக்கா பறக்கிற சத்தம் கேட்டது. மெகருன்னிசாவின் தட்டுகள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தன. மீட்டரில் நிமிஷத்துக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு என்று காட்டியது, அது ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிற வேகம், திருப்பூரில் பிறந்த எவனுக்கும் அந்த எண் மனப்பாடம். கரண்டே இல்லாத ஊரில் ஓவர்லாக் எப்படி ஓடும்? மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், பிறகு மனசு விட்டுப்போய்ச் சுவர் சுவராக ஒட்டிக்கொண்டே போனேன். வேகம் மாறவில்லை, படிக்குப் படி நடுக்கத்தின் அளவு மட்டும் ஏறியது, மூன்றாம் மாடியில் கடைசி வீட்டு வாசலில் மிக அதிகமாக ஏறியது.

அந்த வீட்டில்தான் துளசிமணி இருந்தாள். நாற்பத்திமூன்று வயது, தனி ஆள், புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம், ஒரே மகளைப் பல்லடத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். வீட்டில் மெஷின் என்று சொல்ல ஒரு டார்ச் லைட்டுகூட இல்லை. தரையில் சென்சாரை ஒட்டினேன். அவள் எழுந்துபோய் எனக்கு டீ வைத்தாள், அளவு இறங்கியது, திரும்பி வந்து உட்கார்ந்தாள், அளவு ஏறியது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, படித்த மண்டை அப்படித்தான் இருக்கும்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், மீட்டரில் ஓடிய கோட்டை விரலால் தொட்டாள்.

"இது ஷோல்டருங்க. சின்னதா ரெண்டு ஓட்டம் இருக்குது பாருங்க. இது கழுத்துப் பட்டி, சுத்தி வருது. இது கை ரெண்டு. இது சைடு, அக்குள்ல இருந்து அடி வரைக்கும் ஒரே இழுப்பு. மறுக்கா ஷோல்டரு. யாருதுங்க இது? கை நல்ல கையா இருக்குது."

முழு பனியன் ஒன்று அந்தக் கோட்டில் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அம்மா, காலைக் கொஞ்சம் தரையிலிருந்து தூக்குங்கள் என்றேன். தூக்கினாள். கோடு படுத்துவிட்டது. கீழே தட்டுகள் வாயை மூடின. காலை வைக்கச் சொன்னேன், வைத்தாள், விட்ட இடத்திலிருந்து சைடு ஓடியது. அவள் தன் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி மூடி எட்டு மாசமாச்சுங்க," என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "இருபத்திரண்டு வருஷம் சாம்பிள் டெய்லரா, முழு பனியனும் ஒரே ஆளாத் தெச்சுட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. சும்மாதான் உக்காந்திருக்கறேன்."

நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, எத்தனை எச்.பி. வருமுங்க என்று கேட்டார். கட்டடத்தில் யாருமே ஆச்சரியப்படவில்லை, எல்லாரும் ஏதாவது ஒரு மெஷினோடு வாழ்ந்தவர்கள், மெஷின் நின்ற பிறகும் கை தானாக ஆடுவதை ஆளாளுக்குப் பார்த்திருக்கிறார்கள், இவளுக்குக் காலில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். அப்படியா, அவ்வளவுதானா என்று நான் ஒருவன்தான் மண்டை காய்ந்துபோய் நின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தக் கட்டடம் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது. உளுந்து டப்பாவைத் தட்டாமலே நிரப்பலாம் என்று கண்டுபிடித்தார்கள், தரையில் வைத்தால் போதும், தானாக அமுங்கி இடம் விடும். முறத்தில் அரிசியைப் போட்டு மூன்றாம் மாடி வராந்தாவில் வைத்துவிட்டுப் போனால் கல் தனியாக, அரிசி தனியாக ஒதுங்கிக் கிடந்தது. பதினோரு மணிக்கு நடுக்கம் நின்றதும் எல்லா வீட்டிலும் டீ வைத்தார்கள், துளசிமணியின் டீ நேரம்தான் கட்டடத்தின் டீ நேரம் என்று ஆகிவிட்டது. மெகருன்னிசாவின் குழந்தை சைடு ஓடும்போது தூங்கியது, ஷோல்டர் ஓடும்போது முழித்தது, அதற்கேற்ற மாதிரி அவள் துணி துவைக்கக் கற்றுக்கொண்டாள், ஆனாலும் தலைவலி, தலைவலி என்று புலம்புவதை விடவில்லை. யாரோ துளசிமணியின் வாசலில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்தார்கள், எந்தச் சாமிக்கு என்று கேட்டதற்குப் பதில் தெரியாததால் மறுவாரம் அவர்களே எடுத்துவிட்டார்கள். முதல் மாடி யூனிட்டில் அவளை வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் மெஷினில் உட்கார்ந்ததும் மெஷினின் நடுக்கமும் அவள் நடுக்கமும் மல்லுக்கட்டி ஊசி மூன்று உடைந்தது, வேண்டாம் தாயி என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் தூக்கம் போனது. நாலு நாள் மகள் வீட்டில் போய் இரு அம்மணி என்று அனுப்பிப் பார்த்தார். இங்கே கட்டடம் அடங்கியது, பல்லடத்தில் சம்பந்தி வீட்டுத் தகரக் கூரை இரண்டே நாளில் ஆணி கழன்றது, மருமகன் அவளைப் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு உள்ளேகூட வராமல் போனான். அந்த நாலு நாளில் இரண்டு நாள்தான் அவள் அங்கே இருந்தாள்.

"சார், இனி நீங்கதான்," என்றார் நாச்சிமுத்து. "நிறுத்தறதுக்கு வழி இருந்தா எழுதுங்க. இல்லீன்னா மூலம் இன்ன வீடுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் காலி பண்ணச் சொல்லிக்கறேன். வாயில சொன்னா நாலு பேரு என்னைத் திட்டுவாங்க. எழுத்துல இருந்தாத் திட்ட மாட்டாங்க."

அவளுக்குப் போக வேறு இடமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாவமாக இருந்தது. அதனால் என் தொழிலில் எல்லா மெஷினுக்கும் எழுதுகிற மருந்தையே எழுதினேன், ரப்பர். கட்டில் கால் நாலுக்கும் இரண்டங்குல ரப்பர் பேட், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளக் கனமான ரப்பர் செருப்பு. திருப்பூரில் ஆடுகிற எதற்கும் அடியில் ரப்பர் வைப்போம், அது மெஷினா, மோட்டாரா, ஆளா என்று நிதானிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. வீட்டுக்குள் செருப்பா, சாமி படம் இருக்குதுங்களே என்று துளசிமணி தயங்கினாள். எல்லாரும் சேர்ந்து படத்துக்குத் திரை போட்டுவிடலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள்.

கட்டடம் நின்றது. தட்டுகள் நின்றன. மெகருன்னிசா எனக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள்.

பத்து நாள் கழித்து, வேலைக்குப் பின்னான அளவு எடுக்கப் போனேன். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, இரண்டும் இருந்தால்தான் ரிப்போர்ட் முழுசாகும். கீழிருந்து மூன்றாம் மாடி வரை எல்லாச் சுவரிலும் ஒட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. என் உடம்பில் ஒரு பெருமை ஏறியது, பொய் சொல்வானேன். அந்தப் பெருமையோடுதான் துளசிமணியின் கதவைத் தட்டினேன்.

திறந்தவளை முதலில் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் அவள் ஓரங்கள் நிலைகொள்ளவில்லை, புடவைக் கரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. உட்காருங்க என்று அவள் சொன்னது நாலைந்து துண்டாக வந்து சேர்ந்தது. மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது, அவள் அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி புடவையில் கொட்டியது, மீதி பல்லில் மோதித் தெறித்தது. ஸ்பூனால் எடுத்துக் குடிக்கிறேன், அதிலும் தண்ணீர் நிற்பதில்லை என்றாள். மெலிந்துபோயிருந்தாள்.

"எல்லாச் சுவத்துலயும் வெச்சுப் பாத்தீங்கல்ல. என்ற ஒடம்பு மேல ஒருக்கா வெச்சுப் பாருங்க."

மெழுகை உருட்டி அவள் மணிக்கட்டில் சென்சாரை ஒட்டினேன். மீட்டர் எண்ணையே காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது, இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த விஷயம், மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்தால் தரை அமைதியாகும், தரைக்குப் போகாத ஆட்டம் மெஷினிலேயே தங்கும், மெஷின் முன்னைவிட அதிகமாக ஆடும், அது இரும்பு, தாங்கும். அவ்வளவும் தெரிந்துதான் ரப்பர் என்று எழுதினேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா எடுப்பீங்க. எடுத்தா மறுபடி நடுங்கும். நடுங்குனா காலி பண்ணச் சொல்லுவாங்க. நான் எங்கீங்க போறது? இப்படியே இருந்துக்கறேன். பழகிரும்."

நான் கீழே உட்கார்ந்து அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள், வேண்டாங்க, வேண்டாங்க என்று அழுதாள், அந்த அழுகையும் ஆடித் துண்டுதுண்டாகத்தான் வந்தது. ரிப்போர்ட் என் கையில்தான் இருக்கிறது, உங்களைக் காலி பண்ண வைக்கிற எழுத்து என் கையிலிருந்து வராது என்று மூன்று தடவை சொன்னேன். எப்படி வராமல் பார்த்துக்கொள்வேன் என்பது எனக்கே தெரியாது, சொல்லிவிட்டேன். மெதுவாகக் காலை நீட்டினாள்.

வெறுங்கால் தரையில் பட்டதும் வீடு ஒரு தடவை குலுங்கியது. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கிப் போனது, ஷோல்டரும் கழுத்தும் கையும் சைடும் பிரித்தறிய முடியாத வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது, கீழே ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தது, இன்னொரு வீட்டில் குழந்தை அழுதது, பிறகு ஓட்டம் தணிந்து பழைய வேகத்துக்கு வந்தது. அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். இன்னொரு தம்ளர் கேட்டாள், அதையும் குடித்தாள்.

நாச்சிமுத்து மூச்சு வாங்க ஏறி வந்தார், பின்னாலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெகருன்னிசா.

"யாருங்க ரப்பரை எடுத்தது?"

"நான்தான்."

"சார், நீங்களே வெச்சு, நீங்களே எடுத்தா என்னங்க அர்த்தம்? அப்ப ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?"

ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அதில் மூலம் என்று ஒரு கட்டம் இருக்கும், ஆட்டுகிற மெஷினின் பெயரை அதில் எழுதுவோம். அதற்கு மேலே பின்னணி என்று ஒரு கட்டம் இருக்கும், எந்த மெஷினும் ஓடாதபோது அந்த இடத்தில் தானாக இருக்கிற நடுக்கம், ரோட்டில் லாரி போகிறது, காற்று அடிக்கிறது, அப்படி. பின்னணியை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது, அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதை அளக்க வேண்டும். துளசிமணியின் மின்தடை நாள் அளவை நான் பின்னணிக் கட்டத்தில் எழுதினேன். மூலம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். நடுக்கம் கட்டடம் தாங்கும் அளவில் பாதிகூட இல்லை, அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் செய்தது முறைதானா என்று எனக்கும் இன்றுவரை குழப்பம்தான்.

"கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகாது."

"அப்ப இந்தம்மா?"

"இந்தம்மா இங்க குடியிருக்காங்க."

அவர் மெகருன்னிசாவைப் பார்த்தார், புகார் சொன்னவள் அவள்தானே. அவள் துளசிமணியின் நனைந்த புடவையையும் மேஜையிலிருந்த ஸ்பூனையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "தலைவலி இருக்கத்தான் இருக்கும்ணே," என்றாள் கடைசியில். "தைலம் தேச்சுக்கறேன்."

நாச்சிமுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் புதுசா வாடகைக்கு வர்றவங்களுக்கு என்னத்தச் சொல்றது? ஒளிச்சு வெக்க முடியுமா இதை?"

"தண்ணி வர்ற நேரம் சொல்லுவீங்கல்ல, அதோட சேத்துச் சொல்லுங்க."

அவர் மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறவர் மாதிரி வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். "நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. வண்டியைக் கேட்டுக்கு உள்ள நிறுத்தணும். மூணாம் மாடியில துளசிமணின்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்க…"

துளசிமணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்காங்கன்னு சொன்னாப் போதுங்கண்ணா," என்றாள் அவள்.